மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டு

வெல்ட்டன் தெரு,
மார்ச் மாதம், ஞாயிறு மதியம்.

என் மூத்தவள் ரெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கை நைலாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். மொத்தம் நாலு வரி, அதில் இரண்டு வரி சாப்பாட்டைப் பற்றி. ராணுவப் பயிற்சியில் பேனா மைக்குமா ரேஷன் வைத்திருக்கிறார்கள்? பிள்ளைகளின் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பெற்றவர்களைத் தபால் வண்டிக்காக வாசலில் காத்துக்கிடக்க வைத்துவிட்டார்கள். போகட்டும், எனக்கும் கையால் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட சாக்ஸ் இதோடு வருகிறது. இனிப்பு எதுவும் வைக்கவில்லை. பார்சலில் சாக்லேட் வந்தால் மொத்தக் கும்பலையும் தண்டால் எடுக்க வைப்பார்கள் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நைலா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒண்ணே ஒண்ணு ஒளிச்சு வைப்போம்மா, அக்கா கொஞ்சம் தண்டால் எடுக்கட்டும்” என்கிறாள். பதினோரு வயசுக்கு இருக்கிற கொழுப்பைப் பார்த்தாயா?

சரி, இதற்கு மேல் அடக்க முடியாது, விஷயத்துக்கு வருகிறேன். நைலாவுக்கு மேல்மாடியில் இடம் கிடைத்துவிட்டது!

ஆமாம், வெய்ன்ரைட் பள்ளியின் அதே மேல்மாடிதான். பரீட்சை எழுதித் தேறிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று தனிப் படிக்கட்டு, தனி மணி, தனிச் சாப்பாட்டு நேரம் வைத்து நடத்துகிறார்களே, அந்த மேல்மாடி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நீ கீழ்மாடியில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே அவர்கள் வயலின் வாசிப்பதைக் கேட்டாயே, அங்கேதான் செப்டம்பரிலிருந்து உன் தங்கை உட்காரப் போகிறாள். கல்வி வாரியத்தின் உறை வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நைலாவிடமே கொடுத்துவிட்டேன். “நீங்க முதல்ல உக்காருங்கம்மா” என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் பிரித்தாள். படித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அக்காகிட்ட சொல்லணும்” என்பதுதான். நீ கிளம்புவதற்கு முன்பு குளிர்காலம் முழுக்க அடுப்படி மேஜையில் அவளை உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தாயே, அதனால் வந்த இடம் இது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உனக்கு உறை வந்த நாள் இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு மதிப்பெண் குறைவு. நான் அழுதேன், நீதான் என்னைத் தேற்றினாய். “கேன்டீன் கீழதானம்மா இருக்கு, எனக்குத்தான் முதல்ல சாப்பாடு” என்று சொன்னாய்.

பஸ் டிப்போவில் செய்தியைச் சொன்னேன். டுவைட்தான் ரொம்ப சந்தோஷப்பட்டான். என்னோடு பஸ் ஓட்டும் டுவைட்டை உனக்குத் தெரியுமே, வாய் மூடாதவன். “இத்தனை வருஷமா ஹில்கிரெஸ்ட் மேட்டுலேர்ந்து வெள்ளைக்காரப் பிள்ளைங்களை ஏத்திட்டு வந்து உன் வீட்டுப் பக்கம் இறக்கி விடுற. இப்பத்தான் உன் வீட்டுலேர்ந்து ஒண்ணு அவங்களோட படியேறுது” என்றான். உண்மைதான். நம் பக்கத்துக்கும் அவர்கள் பிள்ளைகள் படிக்க வரட்டும், எல்லாரும் கலந்து படிக்கட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் இந்த மேல்மாடியைத் தொடங்கினார்களாம். வந்தார்கள், மாடிக்கு வந்தார்கள். நம் தெருப் பிள்ளைகள் கீழேயே இருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நைலா போல ஒருத்தி மேலே போவாள், அவ்வளவுதான்.

இந்தப் பரீட்சையையே எடுத்துவிடலாமா என்று வாரியத்தில் பேச்சு அடிபடுகிறது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிக்கூடம் என்ன நியாயம் என்கிறார்கள் ஒரு சாரார். இருக்கிற ஒரே நல்லதையும் ஏன் கெடுக்கிறீர்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். டுவைட் முதல் கட்சி. நான் அவனிடம், “எடுக்கிறதுன்னா எடுங்கப்பா. என் பொண்ணு ஏறி முடிக்கட்டும், அப்புறம் ஏணியை எடுங்க” என்றேன். டிப்போவே சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கேன்டீன் வாசலில் மேஜை போட்டு ராணுவத்துக்கு ஆள் சேர்க்கிற அந்த சார்ஜெண்ட் இந்த வாரமும் வந்திருந்தார். காப்பி வாங்கப் போன என்னிடம் உன்னை விசாரித்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்ற அன்று நான் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் மேல்மாடியில் மேஜை போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தெற்குக் கரோலினாவில் இப்போதே வெயிலாமே, தண்ணீர் குடி. கர்த்தர் உன்னோடு இருப்பார்.

அன்புடன்
அம்மா

*

வெல்ட்டன் தெரு,
ஏப்ரல் மாதம், சனிக்கிழமை.

என் தங்கம் ரெனிட்டாவுக்கு,

உன் கால் கொப்புளம் ஆறியதா? பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள் என்று டுவைட் சொல்லச் சொன்னான். அவன் தம்பியும் ராணுவத்தில் இருந்தவன்தான்.

ஒரு காரியம் நடந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று எனக்கே புரியவில்லை. ஊர்ப் பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது. வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கேத்லீன் ஹாப்ட் என்று ஒரு அம்மா, ஹில்கிரெஸ்டில் இருக்கிறாள். அவள் பிள்ளை என் பஸ்ஸில்தான் வருகிறான். மேல்மாடியைக் காப்பாற்றக் கூட்டம் சேர்ப்பவள் அவள். ஒரு நாள் காலை பஸ் படியில் ஏறி நின்று, “யோலாண்டா, நைலாவுக்கு இடம் கிடைச்சதாமே, ரொம்ப சந்தோஷம்” என்றாள். வாழ்க்கையில் என்னோடு முதல் தடவையாகப் பேசுகிறாள், எடுத்த எடுப்பிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இருக்கட்டும். கையில் ஒரு மஞ்சள் சட்டை. ‘மேல்மாடியைக் காப்போம்’ என்று மார்பில் எழுதியிருந்தது. “இருந்ததுலயே பெரிய சைஸ் இதுதான், பத்துமான்னு தெரியல. வாரியக் கூட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். உங்களை மாதிரி ஒருத்தர் பேசினா அவங்க கேப்பாங்க” என்றாள். உங்களை மாதிரி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சரி என்றேன். நைலாவுக்காகத்தான்.

பேசவேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். நைலா அதைத் திருத்திக் கொடுத்தாள். என் இளைய மகள் நேர்மையாகப் பரீட்சை எழுதி இடம் வாங்கியிருக்கிறாள், அதைப் பிடுங்காதீர்கள் என்பதுதான் விஷயம். கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தேன். அவளுக்கும் சின்னதாக ஒரு மஞ்சள் சட்டை கொடுத்திருந்தார்கள்.

மண்டபத்தில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். மறு பக்கம் நம் தெரு ஆட்கள், நம் சபை ஆட்கள், பாஸ்டர்கூட. நான் மஞ்சள் பக்கம் போய் உட்கார்ந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். டுவைட் அங்கிருந்தே, “என்ன யோலாண்டா, கட்சி மாறிட்டியா? மஞ்சள் உனக்கு எடுப்பாத்தான் இருக்கு!” என்று கத்தினான். நானும் சிரித்து வைத்தேன்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம்தான். பேசுகிற இடத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு வந்தால் உட்கார வேண்டும். எனக்கு முன்னால் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பேசினார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. “கீழ்மாடிப் பிள்ளைங்களை நான் குறை சொல்லலை. ஆனா எல்லாப் பிள்ளைக்கும் படிக்கணும்ங்கிற ஆசை இருக்கறதில்ல. வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கறதில்ல. ஆசை இல்லாதவங்களை மாடிக்கு ஏத்தி என்ன ஆகப்போகுது?” என்றார். மஞ்சள் பக்கம் கைதட்டியது. கேத்லீனும் தட்டினாள். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ரெனிட்டா, தாளைக் கையில்தான் வைத்திருந்தேன். முதல் வரி ‘மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு’ என்றுதான் இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“என் மூத்த பொண்ணுக்கு ஆசை இல்லைன்னு யார் சொன்னது?” என்று கேட்டேன். “மேல உங்க பிள்ளைங்க வயலின் வாசிப்பாங்க, கீழ அவ பெஞ்சுல பென்சிலால தாளம் போடுவா. வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டையெல்லாம் எனக்கு வாயாலேயே பாடிக் காட்டுவா. கெமிஸ்ட்ரிக்கு ஒரு வருஷம் முழுக்க அவங்களுக்கு வாத்தியாரே கிடையாது. வர்றவங்க போறவங்க படம் போட்டுக் காட்டிட்டுப் போனாங்க. அவ தானே புஸ்தகம் வாங்கிப் படிச்சா. ரெண்டு மார்க் சார். பதினோரு வயசுல ரெண்டு மார்க் குறைஞ்சதுக்கு ஏழு வருஷம் அந்தப் படிக்கட்டுப் பக்கமே அவளை விடலை. இப்ப அவ எங்க இருக்கான்னு கேளுங்க. சேத்துல குப்புறப் படுத்துத் துப்பாக்கி புடிச்சிட்டிருக்கா. அவளுக்கா ஆசை இல்ல?”

சிவப்பு விளக்கு எப்போது வந்தது என்றே தெரியாது. வாரியத் தலைவர், “மேடம், நேரம் முடிஞ்சுபோச்சு” என்றார். “முடிஞ்சுதான் போச்சு சார், அதைத்தானே நான் சொல்லிட்டிருக்கேன்” என்றேன்.

நம் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. டுவைட் விசிலடித்தான். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் அந்த மஞ்சள் சட்டையோடு நடுவில் நிற்கிறேன், பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார். திரும்பி வரும்போதுதான் மூன்றாவது வரிசையில் நைலாவைப் பார்த்தேன். அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் பெயரையே சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நான் திருத்திக் குடுத்ததை ஏன்மா படிக்கல?” பொரித்த மீன் வாங்கிக்கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் வாக்கெடுப்பு. ஒரு பஸ் டிரைவர் பேசியதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று இருக்கிறேன். நீயும் ஜெபம் செய்துகொள். எது நடக்கவேண்டும் என்று ஜெபம் செய்வதென்றுதான் எனக்கே விளங்கவில்லை.

அன்புடன்
அம்மா

*

வெல்ட்டன் தெரு,
மே மாதம், ஞாயிறு.

என் அன்பு மகள் ரெனிட்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை இரண்டு பக்கம்! “நல்லாப் பேசியிருக்கீங்கம்மா. எனக்காக நீங்க எங்கயுமே இப்படிப் பேசினதில்ல. அன்னிக்கே யாராவது இப்படிக் கேட்க மாட்டாங்களான்னு இருந்துச்சு” என்று எழுதியிருந்தாய். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நீ அப்படிக் காத்திருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாளும் நீ சொன்னதில்லையே அம்மா!

வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. பரீட்சையை எடுத்துவிட்டார்கள். வாரியத் தலைவர் நான் பேசியதை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். “ஒரு தாய் நம் கண்ணைத் திறந்துவிட்டார்” என்றார். நம் சபையில் பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைலாவும் தட்டினாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

பரீட்சை போனால் நம் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் மேல்மாடிக் கதவு திறக்கும் என்றுதானே எல்லாரும் நினைத்தோம்? கேள். ஹில்கிரெஸ்ட் பிள்ளைகள் இனி வரப்போவதில்லை. அவர்கள் பக்கத்துப் பள்ளியிலேயே இசையும் விஞ்ஞானமும் தொடங்குகிறார்களாம். மேல்மாடி ஆசிரியர்களில் பாதிப் பேரை அங்கே மாற்றிவிட்டார்கள், மீதிப் பேர் தாமாகவே வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். வயலின்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனதை நானே நின்று பார்த்தேன். காலியான மேல்மாடி வாரியத்தின் அலுவலகம் ஆகிறது. அந்தத் தனிப் படிக்கட்டில் இனிமேல் குமாஸ்தாக்கள் ஏறுவார்கள். கீழ்மாடி அப்படியேதான் இருக்கிறது, கெமிஸ்ட்ரிக்கு இன்னமும் வாத்தியார் கிடையாது. செப்டம்பரில் நைலா அங்கேதான் போகிறாள். நீ உட்கார்ந்த அதே இடத்துக்கு.

மேல்மாடி இருந்தபோதும் அடி நமக்குத்தான் விழுந்தது, போனபோதும் நமக்குத்தான். இதில் யார் பக்கம் நியாயம் என்று டிப்போவில் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ஹில்கிரெஸ்டிலிருந்து பிள்ளைகள் வராவிட்டால் அந்த பஸ் எதற்கு என்று எங்கள் தடத்தையும் நிறுத்துகிறார்கள். எனக்கு வேறு தடம் தருகிறார்களாம். டுவைட் எனக்குப் பின்னால் சேர்ந்தவன், அவனுக்கு ஜூனோடு வேலை இல்லை. விசிலடித்தவன் அவன்தான். “விடு யோலாண்டா, விசில் அடிச்ச வாய்க்கு ஏதாவது செலவு ஆகும்ல” என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கேத்லீன் போன வாரம் பஸ் படிக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்தான். நாங்க எங்க பையனைத் தனியார் பள்ளியில சேர்த்துட்டோம். நைலாவை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு” என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சட்டையைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பஸ் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நைலாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “பரவாயில்லம்மா, கேன்டீன் கீழதானே இருக்கு” என்றாள். நீ சொன்ன அதே வார்த்தை! நீ அவளிடம் இதை எப்போதாவது சொல்லியிருக்கிறாயா, இல்லை அவளுக்கே தோன்றியதா? நீ சொல்லிக்கொடுத்த கணக்குப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். நான் கேட்டதற்கு, “இனிமே எதுக்கு?” என்றாள். இப்போதெல்லாம் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள். என்னைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள் ரெனிட்டா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தன் பள்ளி விட்டதும் மாலையில் எனக்காக வெய்ன்ரைட் கேன்டீனில் காத்திருப்பாள் அல்லவா? போன வியாழக்கிழமை நான் போனபோது அந்த சார்ஜெண்டின் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒரு சாவிக்கொத்து வளையம் கொடுத்திருக்கிறார். “எங்க அக்கா அங்கதான் இருக்கா, நானும் வரலாமா?” என்று கேட்டிருக்கிறாள். “இன்னும் ஏழு வருஷம் இருக்கே பாப்பா. கவலைப்படாத, உனக்கு இடம் வெச்சிருக்கேன்” என்று அவர் சொன்னாராம். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வருகிற வழியில் அவள் என்னிடம், “அங்க யாரையும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களாம்மா. இடம் குடுத்துட்டுத் திருப்பிப் பிடுங்கவும் மாட்டாங்களாம்” என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். பல நாள் கழித்து அன்றுதான் பார்த்தேன். அவள் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகிறது என்றுதான் ஊரே பார்த்ததே.

உன் பயிற்சி முடிகிற விழாவுக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் வருகிறோம். முன்தினம் மாலையே வந்துவிடுவோம். நைலா வெள்ளை உடுப்பை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். நீ சீருடையில் அனுப்பிய படத்தை அவள் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாள். தூங்கப் போகும்போது அதைப் பார்த்து சல்யூட் அடிக்கிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். ஒரு தாய் கேட்கக்கூடாததுதான், நீ தப்பாக நினைத்தாலும் சரி. அணிவகுப்பில் நீ தலை நிமிர்ந்து நடந்து வா. அது உன் நாள், நீ பட்டுச் சம்பாதித்தது. நான் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துவேன். ஆனால் எல்லாம் முடிந்து எங்களிடம் வரும்போது நைலா ஓடிவந்து கட்டிக்கொள்வாள். “இங்க எப்படிக்கா இருக்கு?” என்று கேட்பாள். அப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. உண்மையிலேயே நன்றாக இருந்தாலும் சொல்லாதே. உன் தொப்பியை அவள் தலையில் வைக்காதே. ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, உன் காலில் இருக்கிற கொப்புளங்களை அவளுக்குக் காட்டு. நான் சொன்னால் கேட்கமாட்டாள் கண்ணு, நீ சொன்னால்தான் கேட்பாள்.

கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும். அங்கே போன என் பிள்ளை நீ ஒருத்தியாகவே இருக்கட்டும்.

உன் அம்மா
யோலாண்டா